ஏவுவோரும் இயற்றுவோரும்: இந்தியத் துப்புரவுச் சட்டங்களில் கடமையின் வினைமுதல்

1. முன்னுரை

வீட்டையும் கடையையும் தொழிற்சாலையையும் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்குச் சட்டம் ஒரு தொடரின் வடிவில் விடை தருகிறது. தொடர் என்றால் அதற்கு ஒரு வினைமுதல் வேண்டும். அவ்வினைமுதல் செய்தவரா, இடத்தின் உரிமையாளரா, அங்கே இருப்பவரா, தொழிலை நடத்துபவரா என்பதைப் பொறுத்துத் தண்டனையும் செலவும் ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறுகின்றன.

தமிழ் இலக்கணம் வினைமுதலை இருவகைப்படுத்தியுள்ளது. அரசன் கட்டிய கோயில் என்னுமிடத்து அரசன் ஏவுதற்கருத்தா. தச்சன் கட்டிய கோயில் என்னுமிடத்துத் தச்சன் இயற்றுதற்கருத்தா. வேற்றுமையை விளக்க எழுந்த இப்பாகுபாடு துப்புரவுச் சட்டங்களின் வரலாற்றைப் படிப்பதற்கும் பெரிதும் பயன்படுகிறது. அச்சட்டங்கள் ஏவுதற்கருத்தாவை மேன்மேலும் நுட்பமாக வரையறுத்துக்கொண்டே வந்தன. இயற்றுதற்கருத்தாவை நெடுங்காலம் தொடருக்கு வெளியிலேயே நிறுத்தின. இவ்வரலாற்றையும் அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பழைய நூல்களில் தூய்மைக் கடமை

கௌடலீயம் என்னும் அர்த்தசாத்திரம் நகர நிருவாகியின் கடமைகளைக் கூறும் பகுதியில் தெருவை மாசுபடுத்துவோர்க்குத் தண்டம் விதிக்கிறது. தெருவில் குப்பை கொட்டினால் எட்டிலொரு பணம். சேற்றுநீரால் வழியை அடைத்தால் கால் பணம். அரச வீதியாயின் இரு மடங்கு. புனித இடம், நீர்நிலை, கோயில், அரசுக்குரிய இடம் ஆகியவற்றில் மலங்கழிப்போர்க்கும் தண்டம் உண்டு. எனினும் மருந்து, நோய், அச்சம் ஆகியவற்றால் அவ்வாறு நேர்ந்தால் தண்டம் இல்லை.

மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயமும் இதைப் பேசுகிறது. இடர் ஏதுமின்றி அரச வீதியில் அழுக்கிடுபவர் இரு கார்ஷாபணம் செலுத்துவதோடு அவ்வழுக்கை விரைவில் தூய்மைப்படுத்தவும் வேண்டும். நோயுற்றோர், முதியோர், கருவுற்ற பெண், குழந்தை ஆகியோர்க்குக் கண்டனம் மட்டுமே; ஆயின் இடத்தைத் தூய்மைப்படுத்தும் கடமை அவர்களுக்கும் உண்டு.

இவ்விதிகளில் கடமையின் வினைமுதல் மாசுபடுத்தியவரே. இடத்தின் உடைமை இங்குப் பொருட்டாகவில்லை. ஆனால் நாரத ஸ்மிருதி ஏவலாளர் பற்றிக் கூறுமிடத்தில் வேறொரு செய்தி கிடைக்கிறது. வாயில், கழிப்பிடம், தெரு, குப்பைமேடு ஆகியவற்றைக் கூட்டித் துடைப்பது தூய்மையற்ற பணி என்றும் அது அடிமைகளுக்கு உரியது என்றும் அந்நூல் பிரித்து வைக்கிறது. தண்டவிதி ஒருவரையும் நடைமுறை மற்றொருவரையும் வினைமுதலாகக் கொண்டமைக்கு இது பழைய சான்றாகும்.

3. 'நியூசன்ஸ்' என்னும் கருத்து

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கடமை 'நியூசன்ஸ்' என்னும் கருத்தைச் சுற்றி அமைந்தது. தீங்கு செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல் அது. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதன் பொருள் எரிச்சலூட்டுவது என்ற அளவுக்கு மெலிந்துவிட்டது. சட்ட வழக்கில் தீங்கு என்னும் மூலப்பொருள் நிலைத்தது.

1860-இல் இயற்றப்பெற்று 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 268-ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை வரையறுத்தது. பொதுமக்களுக்கோ அண்டையில் வாழ்வோர்க்கோ பொதுவான தீங்கு, இடர், தொல்லை விளைவிக்கும் செயலும் சட்டத்திற்கு மாறான செய்யாமையும் குற்றமாயின. அதனால் சிலர்க்கு வசதியோ ஆதாயமோ உண்டு என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது என்றும் அப்பிரிவு கூறியது. தோல் பதனிடுவோரும் சாயமிடுவோரும் தம் தொழிலால் ஊருக்கு வருவாய் உண்டு என்று வாதிடுவதற்கு இத்தொடர் இடமளிக்கவில்லை. பொது நீரூற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுப்பதை 277-ஆம் பிரிவும், காற்றை நலத்துக்கு ஊறாக்குவதை 278-ஆம் பிரிவும் தண்டித்தன. தனித் தண்டனை கூறப்படாத பொதுத் தொல்லைக்கு 290-ஆம் பிரிவு விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 200 ரூபாய்.

2024 சூலை 1 முதல் இச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 270-ஆம் பிரிவு பழைய வரையறையைத் தொடர்கிறது. 292-ஆம் பிரிவு அபராத வரம்பை 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது.

இங்கு மொழி நோக்கில் கருதத்தக்கது 'செய்யாமை'. செய்யாமை குற்றமாக வேண்டுமானால், செய்ய வேண்டிய கடமை வேறோரிடத்தில் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். தண்டனைச் சட்டம் அக்கடமையை உண்டாக்கவில்லை. இருப்பதாகக் கொண்டு பேசுகிறது. கடமையை உண்டாக்கும் பணி நகராட்சிச் சட்டங்களுக்கும் நலவாழ்வுச் சட்டங்களுக்கும் உரியதாயிற்று.

4. உரிமையாளரும் இருப்பவரும்

இங்கிலாந்தில் 1842-இல் வெளிவந்த எட்வின் சாட்விக்கின் அறிக்கையும் 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் ஊர்த்தூய்மையை அரசின் பொறுப்பாக்கின. 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவ்விதிகளைத் தொகுத்தது. சென்னை மாகாணத்தில் 1865, 1871 ஆகிய ஆண்டுகளின் நகர மேம்பாட்டுச் சட்டங்களும், 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்களும், 1919-ஆம் ஆண்டுச் சென்னை நகர மாநகராட்சிச் சட்டமும் அவ்வழியைப் பின்பற்றின. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்திய மாகாணங்களில் இத்துறை முழுவதையும் தழுவி எழுந்த முதற்சட்டமாகக் கருதப்படுகிறது.

இச்சட்டங்களில் 'நியூசன்ஸ்' என்பதன் பொருட்புலம் மாறுகிறது. தண்டனைச் சட்டத்தில் அது ஒருவரின் செயல். சுகாதாரச் சட்டத்தில் அது ஓர் இடத்தின் நிலை. நலத்துக்கு ஊறான நிலையிலுள்ள கட்டடம், தேங்கிய குட்டை, அடைபட்ட சாக்கடை, குவிந்த குப்பை ஆகியவையே 'நியூசன்ஸ்' ஆகின்றன. எனவே ஒரு துறைக்குப் பொருந்தும் 'தொல்லை' என்னும் மொழிபெயர்ப்பு மற்றொன்றுக்கு முழுதும் பொருந்துவதில்லை. தொல்லை என்றால் அதை உணர்பவர் ஒருவர் வேண்டும். யாரும் முறையிடாத நிலையிலும் தேங்கிய குட்டை சட்டத்தின்முன் 'நியூசன்ஸ்' ஆகும். அங்குச் 'சுகாதாரக் கேடு' என்பதே பொருளை நெருங்குகிறது.

கேடு ஓர் இடத்தின் நிலையாகிவிட்டால் அதற்குப் பொறுப்பானவரைத் தேட வேண்டியதாகிறது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மூன்று சொற்களை அடுக்கியது: செயல், தவறுகை, இடங்கொடுத்தல். இம்மூன்றில் ஒன்றால் கேட்டுக்குக் காரணமானவருக்கு முதலில் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவரைக் கண்டறிய இயலாவிடில் உரிமையாளருக்கோ இருப்பவருக்கோ அனுப்ப வேண்டும். கட்டட அமைப்பின் குறையால் கேடு விளைந்தால் உரிமையாளருக்கே அனுப்ப வேண்டும். 1939-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் இவ்வாய்பாட்டையே மேற்கொண்டது. மூன்றாம் சொல் கருதத்தக்கது. தானும் செய்யவில்லை, செய்ய வேண்டியதையும் விடவில்லை. ஆனால் கண்டும் காணாதிருந்தார் என்னும் நிலையை அது பிடிக்கிறது. 'அனுமதி' என்று அதை மொழிபெயர்த்தால் வெளிப்படையான இசைவு தேவை என்று பொருள்பட்டுக் கடமை சுருங்கிவிடும்.

'ஓனர்', 'ஆக்குபையர்' என்னும் இரு சொற்களின் வரையறை இன்னும் நுட்பமானது. நகராட்சிச் சட்டங்கள் உரிமையாளரைப் பத்திரத்தைக் கொண்டு வரையறுக்கவில்லை; வாடகையைக் கொண்டு வரையறுத்தன. தமக்காகவோ, முகவர், அறங்காவலர், காப்பாளர், மேலாளர் என்னும் நிலையில் பிறருக்காகவோ ஒரு சொத்தின் வாடகையை அல்லது வருவாயைப் பெறுபவரும் பெறும் உரிமையுடையவரும் உரிமையாளரே. சொத்து தம் பெயரில் இல்லை என்று கூறி வாடகை வாங்குபவர் தப்ப இயலாது. 'சொந்தக்காரர்' என்னும் வழக்குச் சொல்லைக் கொண்டு இவ்விதியைப் படிப்பவர் இப்பொருளை எட்ட மாட்டார்.

அவ்வாறே 'குடியிருப்பவர்' என்பது 'ஆக்குபையர்' என்பதன் ஒரு பகுதியை மட்டுமே உணர்த்துகிறது. கடையிலும் கிடங்கிலும் யாரும் குடியிருப்பதில்லை. வாடகை கொடுப்பவர், கொடுக்கக் கடமைப்பட்டவர், வாடகையின்றி இருப்பவர் ஆகிய அனைவரையும் தழுவும் 'இருப்பவர்' அல்லது வரித்துறை வழக்கிலுள்ள 'அனுபோகதாரர்' என்பதே இங்குப் பொருத்தமாகும்.

உரிமையாளரும் இருப்பவரும் பொறுப்பை ஒருவர்மீது ஒருவர் சுமத்தித் தப்பிவிடாமலிருக்கவும் இச்சட்டங்கள் வழிசெய்தன. உரிமையாளர் செலுத்த வேண்டியதை இருப்பவர் செலுத்தினால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். உரிமையாளர் செய்யும் வேலையை இருப்பவர் தடுத்தால் நீதித்துறை நடுவரின் ஆணையைப் பெறலாம். இருவரும் செய்யாவிடில் நகராட்சியே செய்து செலவை வசூலிக்கலாம். தமிழ்நாட்டில் மேற்கண்ட 1919, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தை, 1998-இல் இயற்றப்பெற்று 2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பெற்றது.

5. 'ஆணையிடலாம்' என்பதன் பொருள்

கடமை உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. கேட்டை அகற்றுமாறு நிபந்தனை ஆணையிடும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு நடுவருக்கு வழங்கியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்ணில் இருந்த அப்பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக உள்ளது. மக்களின் நலத்துக்கு ஊறான தொழிலை நடத்துபவரும், அத்தகைய பொருளை வைத்திருப்பவரும், கட்டடத்தையோ குளத்தையோ கிணற்றையோ உடைமையாகவோ கைவசமோ கட்டுப்பாட்டிலோ கொண்டிருப்பவரும் இவ்வாணைக்கு உட்படுவர். உடைமை, கைவசம், கட்டுப்பாடு என்னும் மூன்றும் தனித்தனிக் கருத்துகள். மூன்றையும் 'உரிமை' என்று ஒரே சொல்லில் அடக்குவது பிழையாகும்.

இப்பிரிவின் மூலத்தில் நடுவர் 'ஆணையிடலாம்' என்றே உள்ளது. இந்த 'லாம்' விருப்பமா, கடமையா என்னும் சிக்கல் 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இரத்லம் நகராட்சி வழக்கில் எழுந்தது. மத்தியப் பிரதேசத்தின் இரத்லம் நகரில் திறந்த சாக்கடையாலும், மதுவாலையின் கழிவாலும், பொதுக் கழிப்பிடம் இன்மையாலும் துன்புற்ற மக்கள் நடுவரை அணுகினர். நடுவர் நகராட்சிக்கு ஆணையிட்டார். தன்னிடம் நிதி இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வாதிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் விதித்த அடிப்படைக் கடமைக்கு நிதியின்மை விலக்காகாது என்றும், பிரிவில் கூறப்பட்ட நிலைமைகள் இருப்பின் நடுவரின் அதிகாரம் பொதுமக்கள் பொருட்டுச் செலுத்தியே தீர வேண்டிய கடமையாகும் என்றும் அது நிறுவியது.

தமிழில் '-லாம்' ஈறு இசைவையும் வாய்ப்பையும் உணர்த்துவது. கடமைப் பொருளை இயல்பாகத் தருவதில்லை. ஆங்கில மூலத்தின் சொல்லுக்கு நீதிமன்றம் ஏற்றிய கடமைப் பொருளைத் தமிழ்த் தொடர் தானே தாங்காது. மொழிபெயர்ப்பாளர் '-லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றுவதும் முறையன்று. அது சட்டத்தைத் திருத்துவதாகும். விளக்கவுரையில் தீர்ப்பைச் சுட்டுவதே தக்க வழி.

6. தொழில் நடத்துவோரின் கடமை

தொழிற்சாலையைப் பொறுத்தவரை 'ஆக்குபையர்' என்னும் அதே சொல் முற்றிலும் வேறு பொருள் பெற்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிற்சாலை நடவடிக்கைகளின்மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவரை அச்சொல்லால் குறித்தது. நிறுமம் ஒன்றில் இயக்குநர்களுள் ஒருவரே அவ்வாறு கருதப்பட வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. உச்ச நீதிமன்றம் 1996-இல் இதை உறுதிசெய்தது. ஊழியர் ஒருவரை இப்பொறுப்புக்கு நியமித்து இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வழி அடைபட்டது. நகராட்சிச் சட்டத்தில் இடத்தில் இருப்பவரைக் குறித்த சொல், இங்கு அவ்விடத்தில் ஒருநாளும் காலடி வைக்காதவரையும் குறிக்கலாயிற்று. எனவே இத்துறையில் 'இருப்பவர்' என்பது பொருந்தாது; 'கட்டுப்பாட்டாளர்' என்பதே பொருளைக் காட்டும்.

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு தூய்மைக் கடமையைக் கால அளவுகளோடு விதித்தது. குப்பை நாள்தோறும் அகற்றப்பட வேண்டும். வேலைக்கூடத்தின் தளம் வாரத்துக்கு ஒருமுறையேனும் கழுவப்பட வேண்டும். சுண்ணாம்படித்த சுவர்களுக்கு 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் மீண்டும் சுண்ணாம்படிக்கப்பட வேண்டும். 19-ஆம் பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடங்களைக் கட்டாயமாக்கியது. தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பல தொழிலாளர் நலச் சட்டங்களை ஒருங்கிணைக்கும் தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2020-இல் இயற்றியது.

உணவுத் தொழிலில் 1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 'உணவுத் தொழில் நடத்துநர்' என்னும் புதிய வினைமுதலை உருவாக்கியது. தொழிலை நடத்துபவர், உடையவர், விதிகளுக்குப் பொறுப்பானவர் ஆகியோரை இச்சொல் தழுவுகிறது. தூய்மையற்ற நிலையில் உணவைத் தயாரிப்போர்க்கு 56-ஆம் பிரிவு 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. வினைமுதல் இங்கு இடத்திலிருந்து விலகித் தொழிலோடு இணைந்துவிட்டது. தள்ளுவண்டிக்காரருக்கு உரிமையான கட்டடம் இல்லை. ஆயினும் கடமை உண்டு.

7. மறைந்த வினைமுதல்

இதுவரை கண்ட விதிகளில் 'அகற்றப்பட வேண்டும்', 'கழுவப்பட வேண்டும்' என்னும் செயப்பாட்டுவினைத் தொடர்களே மிகுதி. யாரால் என்பது கூறப்படுவதில்லை. சட்டத்தின் கண்ணோட்டத்தில் அது தேவையுமில்லை. உரிமையாளர் செய்தாலும் செய்வித்தாலும் கடமை நிறைவேறியதாகும். ஆனால் இந்தியச் சமுதாயத்தில் அவ்வெற்றிடத்தை நிரப்பியவர் யாரோ ஒருவரல்லர். பிறப்பால் அப்பணிக்கென ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவரே. தொடரில் இல்லாதவரைச் சமுதாயம் முன்னரே முடிவுசெய்திருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அவர் ஒருமுறை தலைகாட்டுகிறார். கழிப்பிடங்களைத் தூய்மையாக வைப்பதையே முதற்கடமையாகக் கொண்ட துப்புரவாளர்கள் அமர்த்தப்பட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அப்போதும் அவர் கடமையின் வினைமுதல் அல்லர், அமர்த்தப்படும் செயப்படுபொருள்.

கழிப்பிடம் அமைக்கும் கடமையை உரிமையாளர்க்கு விதித்த சட்டங்கள், அதைச் சுமந்து அகற்றும் கடமை யாருக்கு நேரும் என்று நெடுங்காலம் கேட்கவில்லை. 'உலர் கழிப்பிடம்' என்னும் பெயர் நீரின்மையை மட்டுமே கூறுகிறது. மக்கள் வழக்கிலிருந்த 'எடுப்புக் கக்கூஸ்' என்பதோ ஒருவர் கையால் எடுக்கிறார் என்னும் செய்தியைப் பெயரிலேயே வைத்திருந்தது. மொழிபெயர்ப்புச் சொல் மறைத்ததை வழக்குச் சொல் மறைக்கவில்லை.

1993-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதற்கு ஆளமர்த்துவதையும் எடுப்புக் கழிப்பிடம் கட்டுவதையும் பேணுவதையும் தடைசெய்தது. அது 1997 சனவரி 26-இல்தான் முதலில் சில மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. 2013 திசம்பர் 6 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம் இன்னும் விரிந்தது. தூய்மைக்கேடான கழிப்பிடத்தை இடிக்கவோ மாற்றியமைக்கவோ வேண்டிய கடமையை அது இருப்பவர்மீது, அவர் சொந்தச் செலவில், சுமத்தியது. இருப்போர் பலராயின், அவர்களுள் உரிமையாளரும் ஒருவரானால் அவரே பொறுப்பு. அல்லாவிடில் அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர்.

இச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு பாதாளச் சாக்கடையையும் மலக்குழியையும் இடர்தரும் முறையில் தூய்மைப்படுத்த யாரும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' ஆளமர்த்தக் கூடாது என்கிறது. இலக்கண நோக்கில் இது கருதத்தக்க மாற்றம். முந்தைய சட்டங்கள் வினையை ஏவின. ஏவப்பட்டவர் யார் எனக் கேட்கவில்லை. இச்சட்டம் ஏவுதலையே குற்றமாக்கியது. 'மறைமுகமாக' என்னும் சொல் வீட்டு உரிமையாளர், ஒப்பந்தக்காரர், அவருடைய ஆள் என நீளும் ஏவுதற்கருத்தாக்களின் தொடர் முழுவதையும் பிடிக்கிறது. முதன்முறை மீறுவோர்க்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டம் வந்தபின்னும் மலக்குழி இறப்புகள் நிற்கவில்லை. 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் இத்தகைய இறப்புகளுக்கான தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. செயப்பாட்டுவினையில் விடுபட்டிருந்த இயற்றுதற்கருத்தா, இழப்பீட்டுக்கு உரியவராக இறந்தபின்னரே சட்டத்தொடரில் இடம்பெற நேர்ந்தது இவ்வரலாற்றின் துயரமாகும்.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி சட்டங்களின் அதிகாரமுறைப் பனுவல் ஆங்கிலத்தில் அமைகிறது. 1973-ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பனுவல்கள் சட்டம், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் மத்தியச் சட்டங்களின் மாநில மொழிபெயர்ப்புகளுக்கும் அத்தகுதியை அளித்தது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல் ஒருவரின் கடமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதாகிறது.

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாச் சட்டங்களிலும் ஒரே தமிழ்ச்சொல் என்னும் விதி இத்துறையில் பொருந்தாது. 'ஆக்குபையர்' அதற்குச் சான்று. இரண்டாவது, செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கித் தமிழ் இயல்புக்குக் கொணரும்போது மூலத்தில் இல்லாத வினைமுதலைப் புகுத்தலாகாது. 'துப்புரவாளர் கழுவ வேண்டும்' என்று எழுதினால் உரிமையாளரின் கடமை துப்புரவாளருடையதாகிவிடும். கடமையாளர் தெளிவாயிருக்குமிடத்து 'உரிமையாளர் கழுவுவித்தல் வேண்டும்' எனப் பிறவினை வாய்பாட்டைக் கையாளலாம். மூன்றாவது, பணியையும் பணியாளரையும் குறிக்கும் பெயர்கள் காலத்தோடு மாறுகின்றன. திருக்குறளில் நுகர்பொருளைக் குறித்த 'துப்புரவு' பிற்காலத்தில் தூய்மைப் பணியைக் குறித்தது. நகராட்சி வழக்கிலிருந்த 'தோட்டி' நீங்கித் 'துப்புரவுப் பணியாளர்' வந்தது. 2020-இல் தமிழ்நாடு அரசு அதையும் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. பழைய ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் அக்காலச் சொல்லைக் காட்ட வேண்டும்; இன்றைய நடைமுறைப் பனுவலில் இன்றைய சொல்லையே ஆள வேண்டும்.

9. முடிவுரை

மாசுபடுத்தியவரில் தொடங்கி, வாடகை பெறுபவர், இருப்பவர், கட்டுப்பாட்டாளர், தொழில் நடத்துநர் எனத் தூய்மைக் கடமையின் வினைமுதல் விரிந்து வந்துள்ளது. ஒவ்வொரு விரிவும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இருந்த ஒரு வழியை அடைத்தது. ஆனால் அவ்வினைமுதல்கள் அனைத்தும் ஏவுதற்கருத்தாக்களே. இயற்றுதற்கருத்தாவைக் காணச் சட்டத்திற்கு 1860-லிருந்து 1993 வரை 133 ஆண்டுகள் தேவைப்பட்டன. கழிவை அகற்ற வேண்டும் என்னும் தொடரைப் படிக்கும்போதும் பெயர்க்கும்போதும் அதை ஏவுபவர் யார், இயற்றுபவர் யார் என்று பிரித்துக் கேட்பது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. ஒருவரின் கடமை மற்றொருவரின் உயிருக்கு இடராகாமல் காப்பதற்கும் அதுவே தொடக்கமாகும்.